எங்கள் காலனிக்கு அங்கன்வாடி வேண்டும்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் விவரங்களைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்க்கிறார். காலை ஏழரை மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். கணவர் டெம்போ ஓட்டுகிறார். மகனுக்கு இரண்டே முக்கால் வயது, மகளுக்குப் பதினோரு மாதம். இருவரையும் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்கு முட்டி வலி. ஓடும் பையனைப் பிடிக்க அவரால் முடியவில்லை. இவர்கள் வாழும் ஆதிதிராவிடர் காலனியில் ஏறத்தாழ 130 வீடுகள் இருக்கின்றன. அங்கன்வாடியோ இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் தாய்க்கிராமத்தில் இருக்கிறது. அதனால் காலனிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே போவதே இல்லை. "அங்கே நம் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைப்பார்களோ என்று பெரியவர்களும் தயங்குகிறார்கள்" என்று ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டு அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

காலனியில் ஒரு மையம் கேட்டு ஊராட்சித் தலைவரிடம் முன்பு மனு கொடுத்தபோது "நிதி இல்லை" என்று பதில் வந்தது. அவருடைய பதவிக்காலம் முடிந்து இப்போது தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறார். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் "இது ஐசிடிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்) விவகாரம்" என்றார்கள். ஐசிடிஎஸ் அலுவலகத்தில் "புதிய மையத்துக்கு அனுமதி இல்லை" என்றார்கள். ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை மனுவுக்குப் பரிசீலிக்கப்படும் என்ற ஒற்றை வரிப் பதில் வந்திருக்கிறது. உறவினர் ஒருவர் 3 சென்ட் இடம் தரத் தயாராக இருக்கிறார். கல்வி உரிமைச் சட்டப்படி வழக்குப் போடலாமா, ஊராட்சியைக் கட்டாயப்படுத்த முடியுமா, இல்லையென்றால் மகளிர் குழுவினர் சேர்ந்து கட்டணம் வாங்கி ஒரு சிறு பள்ளியை நாங்களே ஆரம்பித்துவிடலாமா என்று மூன்று கேள்விகளைக் கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், தான் வேலையை விட்டுவிட வேண்டும் என்று கணவர் சொல்வதையும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, ஆதாரமும் இருக்கிறது. ஆனால் நான்கு அலுவலகங்களுக்கும் நீங்கள் கொடுத்தது ஒரே மனு. எந்த அலுவலகத்தின் கையில் எந்த அதிகாரம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காததால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவது அவர்களுக்கு எளிதாகிவிட்டது. முதலில் சட்டம் உங்களுக்கு எதைத் தருகிறது என்று பார்த்துவிடுவோம்.

கல்வி உரிமைச் சட்டம் உங்கள் மகனுக்குக் கைகொடுக்காது

மூன்று வயதுக் குழந்தைக்குக் கல்வி அடிப்படை உரிமை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அது சரியன்று. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலானவர்களின் கல்வியை மட்டுமே அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பற்றி அது 45-ஆவது பிரிவில் பேசுகிறது. அந்தப் பிரிவு அரசு எந்தத் திசையில் செயல்பட வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டு நெறி, அதைக் காட்டி நேரடியாக வழக்குத் தொடுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும், மூன்று வயது முதல் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறதே தவிர, செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

உணவின் நிலை வேறு. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் வயதுக்கேற்ற உணவை உள்ளூர் அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. உணவு கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படித்தொகை கேட்கவும், மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் முறையிடவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஆகவே உங்கள் மனுவின் முதல் பத்தியில் இருக்க வேண்டியது இந்தப் பிரிவு. பாட்டும் விளையாட்டும் எழுத்தும் உணவுக்குப் பின்னால் தாமாக வந்து சேரும். நம் மாநிலத்தில் நடந்ததும் அதுதான்: 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளையும் அதில் சேர்த்த பிறகே பால்வாடி என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடமானது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று பிறப்பித்த உத்தரவில், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தரப்பட வேண்டும் என்று கூறியது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் சொன்னது. அந்த வழக்கு 2017-இல் முடித்துவைக்கப்பட்டுவிட்டதால், மூன்று மாதக் கெடுவைக் காட்டி நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள். ஆனால் 40 குழந்தைகள் என்ற அளவுகோல் திட்ட விதிமுறைகளிலேயே இடம்பெற்றுவிட்டது. அதோடு 400 முதல் 800 பேர் வரை வாழும் குடியிருப்புக்கு ஒரு முழு மையம், 150 முதல் 400 பேர் வரை என்றால் ஒரு குறுமையம் என்ற மக்கள்தொகை அளவும் உண்டு. 130 வீடுகள் என்றால் நீங்கள் முழு மைய வரம்பைத் தொடுகிறீர்கள் என்றே தோன்றுகிறது.

ஊராட்சி எதைச் செய்ய முடியும்

ஊராட்சி மனது வைத்தால் மையம் திறந்துவிடலாம் என்பது உங்கள் கடிதம் முழுக்க ஓடும் எண்ணம். ஊராட்சியால் ஓர் அங்கன்வாடிப் பணியாளரையோ உதவியாளரையோ நியமிக்க முடியாது. அரிசி, பருப்பு, முட்டை ஒதுக்கவும் முடியாது. மையத்தை அனுமதிப்பதும் பணியிடம் தருவதும் சமூக நலம் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் இயங்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வேலை. உங்கள் வட்டாரத்தில் அதன் பொறுப்பாளர் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்டத்தில் மாவட்டத் திட்ட அலுவலர். தாய்க்கிராம நடுநிலைப் பள்ளி வளாகத்தில் எல்கேஜி நடந்தால் அது கல்வித் துறை சம்பந்தப்பட்டது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அந்த வகுப்புகள் தொடங்கின. உங்கள் ஊர்ப் பள்ளி அதில் உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். மகனுக்கு மூன்று வயது முடிந்ததும் அது பயன்படலாம்.

ஊராட்சியின் கையில் இருப்பவை இடம், கட்டடம், குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், பாதை. இவற்றைச் சிறியவை என்று நினைக்க வேண்டாம். இடமில்லை என்பதே புதிய மையத்தைத் தட்டிக்கழிக்க அதிகாரிகளுக்குக் கிடைக்கும் மிக வசதியான காரணம். ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டமான போஷன் 2.0 விதிகளில் ஓர் அங்கன்வாடிக் கட்டடத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டு, அதில் 8 லட்சம் 100 நாள் வேலைத் திட்டத்திலிருந்தும், 2 லட்சம் உள்ளாட்சிகளுக்கு வரும் நிதிக் குழு மானியத்திலிருந்தும், மீதி 2 லட்சம் துறையிலிருந்தும் வர வேண்டும் என்று பிரித்தார்கள். இந்தப் பங்குகளும் திட்டங்களும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் இன்றைய நிலவரத்தை ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது, "நிதி இல்லை" என்று முன்னாள் தலைவர் சொன்னது பாதிதான் உண்மை என்பதை. முழுத் தொகையையும் ஊராட்சி தன் பொது நிதியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது; அங்கன்வாடியின் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் அதற்குள்ளேயே அடங்கும்.

உறவினர் தரும் 3 சென்ட் பற்றி ஓர் எச்சரிக்கை. வாய்மொழியாகவோ இருபது ரூபாய்ப் பத்திரத்திலோ எழுதி வாங்குவது எதற்கும் உதவாது. ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். அதற்கு முன் வில்லங்கச் சான்றும், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதும், அண்ணன் தம்பிகளின் பாகம் பிரிந்துவிட்டதா என்பதும் தெளிவாக வேண்டும். பக்கத்தில் திறந்த கிணறோ உயர் அழுத்த மின்கம்பியோ இருந்தால் பொறியாளர் அந்த இடத்தை நிராகரிப்பார், அதில் தவறும் இல்லை. காலனிக்குள்ளேயே நத்தம் புறம்போக்கு இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள். அரசு நிலம் கிடைத்தால் தானமாக நிலம் வாங்கும் சிக்கலே இல்லை. நீர்நிலைப் புறம்போக்கை மட்டும் தொட வேண்டாம்.

பதிவேட்டில் உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்களா?

கடிதத்தில் நான் அதிக நேரம் நின்று யோசித்த இடம் இது. "நாங்களே எண்ணிப் பார்த்தோம், 46 குழந்தைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். துறை உங்கள் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளாது. அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறிய பெயர்களையும்தான் பார்க்கும். தூரம் என்பதால் உங்கள் காலனிப் பிள்ளைகள் போகவில்லை. போகாததால் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறாததால் அங்கே தேவையே இல்லை என்று மாவட்ட அலுவலகத்தில் இருப்பவருக்குத் தோன்றுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவர் முன்னால் இருக்கும் தாள் அப்படிச் சொல்கிறது. திட்டமிடும் ஒருவர் முதலில் கேட்பது எத்தனை பேர் என்பதைத்தான். ஆகவே மனுவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, காலனியில் உள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் தாய்க்கிராம மையத்தின் பதிவேட்டில் ஏற்றுவது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் சேர்த்துப் பதியுங்கள், அவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் உரிமை உண்டு. உங்கள் பதினோரு மாத மகளுக்கு மையத்தில் சத்துமாவு கிடைக்க வேண்டும். அதை வாங்காமல் விட்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

உங்கள் எண்ணிக்கையில் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஆறு வயது முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டவர்களும், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பவர்களின் பிள்ளைகளும் 46-க்குள் இருந்தால் எண்ணிக்கை 40-க்குக் கீழே போய்விடும், கிராம சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதைச் சொன்னால் மீதி எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். மறுபுறம், மில்லுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் இருப்பதாக எழுதிவிட்டு "அவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை என்பதால் சேர்க்கவில்லை" என்கிறீர்கள். சேர்த்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு குழந்தையின் வயதை மட்டுமே பார்க்கிறது. உள்ளூர்க் குடும்ப அட்டை இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் பிள்ளைகளைவிடவும் அதிகத் தேவை இருக்கக்கூடும்.

பட்டியலில் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், கதவு எண் ஆகியவை போதும். அதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். மாதம் ஒன்று போன பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எங்கள் காலனி எந்த மையத்தின் எல்லைக்குள் வருகிறது, அந்தப் பதிவேட்டில் எங்கள் காலனியின் ஆறு வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர், புதிய மையத்துக்கோ இடமாற்றத்துக்கோ ஏதாவது முன்மொழிவு அனுப்பப்பட்டதா. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலில் வரும் எண்ணை எந்த அலுவலரும் மறுக்க முடியாது, அது அவர்களே கொடுத்த எண்.

"அனுமதி இல்லை" என்ற பதிலையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மாநிலத்தில் 54,439 மையங்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு மேல் புதிதாக ஒன்று வேண்டுமானால் ஒன்றிய அரசு வரை போக வேண்டும். ஆனால் பிள்ளைகள் குறைந்துபோன ஒரு மையத்தைத் தேவை உள்ள இடத்துக்கு மாற்றக் கேட்பதற்கு அந்த எண்ணிக்கை தடையாக நிற்காது. என் அனுபவத்தில் புதிய மையம் கேட்ட மனுக்களைவிட இடமாற்றம் கேட்ட மனுக்களே வேகமாக நகர்ந்தன. மனுவில் இரண்டையும் கேளுங்கள்: முதலில் புதிய மையம்; அது முடியாதென்றால் ஊராட்சி ஒன்றியத்துக்குள் இருந்து ஒரு மையத்தின் இடமாற்றம்; அதுவும் ஆகும்வரை சமுதாயக் கூடத்திலோ வாடகை வீட்டிலோ தற்காலிக ஏற்பாடு.

கிராம சபையில்

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாததால் கிராம சபை நடக்காது என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது உண்மை. கிராம சபை தலைவரைச் சார்ந்த அமைப்பு இல்லை. அந்த ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு முறை அது கூடும் நாள்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2-இல் தொடங்குவதால், உங்களுக்கு முக்கியமானது அந்தக் கூட்டம். திட்டத்துக்கென்று வகுத்துள்ள ஒன்பது கருப்பொருள்களில் குழந்தை நேய ஊராட்சி என்பதும் ஒன்று. பெரும்பாலான ஊராட்சிகளில் அந்தத் தலைப்புக்குக் கீழே எழுத எதுவும் இல்லாமல் எதையாவது நிரப்பிவைப்பார்கள். நீங்கள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் எழுதும் வேலை மிச்சம் என்று வாங்கிக்கொள்வார்கள்.

கூட்டம் செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு உண்டு. ஐநூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேரும், அதற்கு மேல் பத்தாயிரம் வரை என்றால் இருநூறு பேரும் வந்திருக்க வேண்டும். காலனியிலிருந்து நாற்பது பெண்கள் வந்தால் கூட்டத்தின் பேச்சே மாறிவிடும் என்றாலும், அது வேலை நாளாக இருந்து உங்களுக்கு விடுப்புக் கிடைக்காவிட்டால் பட்டியலைக் கையில் வைத்துப் பேசத் தெரிந்த ஒருவரையாவது அனுப்புங்கள். தீர்மானத்தின் வாசகம் குறிப்பாக இருக்க வேண்டும்: எந்தக் குடியிருப்பு, எத்தனை குழந்தைகள், எந்த இடம், எந்த ஆண்டுத் திட்டத்தில் சேர்ப்பது. "ஆவன செய்யக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடிந்தால் திருத்தச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள், வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

பெரியவர்களின் தயக்கம் பற்றி எழுதிய அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். அங்கே பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தது நடந்த நிகழ்ச்சியா, அல்லது நடக்கும் என்ற அச்சமா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நடந்திருந்தால் அது தீண்டாமைக் குற்றம். தேதி, சாட்சி விவரங்களோடு தனிப் புகாராகக் கொடுக்க வேண்டும், அதைப் புதிய மையத்துக்கான மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்து நீர்த்துப்போகச் செய்யக் கூடாது. வெறும் அச்சம்தான் என்றால், பதிவு செய்யும் நாளில் நான்கைந்து தாய்மார்கள் பிள்ளைகளோடு நேரில் போய் மதியச் சாப்பாடு வரை இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

வழக்கு, சொந்தப் பள்ளி, உங்கள் வேலை

மேலே சொன்ன எதையும் செய்யாமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், உங்கள் மனுவை எட்டு வாரத்திலோ பன்னிரண்டு வாரத்திலோ பரிசீலிக்கவும் என்ற உத்தரவு வரும். பரிசீலித்து மறுத்துவிட்டோம் என்ற கடிதம் அதற்குப் பின் வரும். பதிவேட்டு எண்ணும் கிராம சபைத் தீர்மானமும் கையில் இருந்தால் வழக்கின் நிலையே வேறு. அப்போதும் பணம் செலவழிக்க வேண்டாம்: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கும்.

மகளிர் குழு சேர்ந்து பள்ளி தொடங்கும் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. பெயர்ப்பலகை மாட்டிக் கட்டணம் வாங்கினால், மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்கான 2015-ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் கீழ் அங்கீகாரம் கேட்பார்கள். அதைவிட, "அங்கேதான் ஒரு பள்ளி இருக்கிறதே" என்று உங்கள் மனுவை மூடிவைக்கவும் அது காரணமாகிவிடும்.

நாளையே காலனிக்குள் அங்கன்வாடி வந்தாலும் உங்கள் வீட்டுச் சிக்கல் முழுதாகத் தீராது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட மகளை அங்கே விட்டுப்போக முடியாது. மகனையும் மாலை நான்கு மணிக்குமேல் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இருக்காது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்ளும் பால்னா காப்பகத் திட்டத்தில்கூட ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம்தான், உங்களுக்குத் தேவையோ பதினொரு மணி நேரம். இங்கே பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்கு வருகிறது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பல நிறுவனங்கள் சேர்ந்தோ உள்ளாட்சி அமைப்பின் காப்பகத்தைப் பயன்படுத்தியோ பொதுவாக நடத்தவும் இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டிலும் பிஎஃப் கணக்கிலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஜாப் ஒர்க் யூனிட் என்று தனிப் பெயரில் முப்பது பேரை மட்டும் காட்டியிருந்தால் வாதம் கடினமாகும், ஆனால் முடியாததில்லை.

காப்பகம் கேட்கும் கடிதத்தில் நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் எட்டு, பத்துப் பேராவது சேர்ந்து போடுங்கள், நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். காப்பகம் கம்பெனிக்குள்தான் என்றால் வேனில் குழந்தைகளையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கேளுங்கள். நான் பார்த்த சில இடங்களில் அறையும் தொட்டிலும் இருந்தும் இந்த ஒரு காரணத்தால் பூட்டியே கிடந்தன. இதற்குப் பதில் வரும்வரை வேலையை விடும் முடிவைத் தள்ளிவைக்கும்படி உங்கள் கணவரிடம் பேசிப் பாருங்கள். நிறுவனத்தின் ஊழியராக இருக்கும்வரைதான் காப்பகம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கும். வேலையை விட்டுவிட்டால் அந்தக் கடிதத்தில் உங்கள் கையெழுத்து செல்லாது.